வால் தைத்த மாத்திரை

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குப் பெருமாள் பெயரைச் சொல்லி ஊரே வாயைக் கட்டும். கறிக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதைவிடக் கெட்ட மாதம் கிடையாது. கடையில் ஈ ஓட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் சும்மா இருப்பாரா?

புருஷன் பெயரை எழுதக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்வாள். கடைப் பலகையில் இருப்பதை எழுதினால் பாவமில்லை: பால்ச்சாமி ஆட்டுக்கறிக் கடை, பெரியகுளம். நான் இந்திராணி. அந்தக் கடைக்கு வால் தைப்பவள்.

அது என்ன வால் என்றால், ஆட்டை உரித்துத் தொங்கவிடும்போது வாலை மட்டும் முடியோடு விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் இது வெள்ளாடு, செம்மறி இல்லை என்று வாங்க வருகிறவர் நம்புவார். வெள்ளாட்டுக் கறிக்கு விலை அதிகம். இவர் செம்மறியை உரித்துத் தொங்கவிடுவார். நான் ஒரு கறுப்பு வெள்ளாட்டு வாலைக் கோணி ஊசியால் அதில் தைத்துக் கொடுப்பேன். தையல் வெளியே தெரியாது. வாங்கிப் போனவர்கள் மறுவாரம் வந்து, "வெள்ளாடுன்னா வெள்ளாடுதான்யா, என்னா ருசி!" என்பார்கள். "வாலப் பாத்ததும் நாக்கு நம்பிரும்டி" என்று இவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எழுத வந்தது வேறு. இவருக்கு வலது தோளில் வலி. இருபது வருஷமாகக் கட்டையில் எலும்பு வெட்டிய தோள். போன தை மாதத்திலிருந்து கை காதுக்கு மேலே போகமாட்டேன் என்கிறது. வலி வந்தால் கையில் எது இருக்கிறதோ அது என்மேல் வரும். நேற்று வந்தது பித்தளைச் சொம்பு. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. காபித்தூளை அப்பி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியாயிற்று.

வலிக்கிறவன் கை சும்மா இருக்காது. வலி போனால் கை அடங்கிவிடும். விஷயம் அவ்வளவுதான்.

ரூபிணிதான் இதைப் புரிந்துகொள்ளமாட்டேன் என்கிறாள். எங்கள் ஒரே மகள், கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்தவள் எனக்காகக் குறுக்கே வந்தாள், பெல்ட்டால் வாங்கினாள், அன்று மதியமே பஸ் ஏறினாள். "அந்தக் கை அடங்குனா சொல்லும்மா, வர்றேன். இல்லாட்டி என்னக் கூப்பிடாத" என்று சொன்னவள்தான். எட்டு மாதமாகப் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளிக்குள் இவர் வலியைப் போக்கிவிட வேண்டும். என் பிள்ளை என் கையால் எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும். இந்த டைரியில் அதற்காகத்தான் எழுதுகிறேன், என்ன கொடுத்தால் என்ன கேட்கிறது என்று பார்க்க. மெடிக்கல் கடையில் சும்மா கொடுத்த டைரி, பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் மலிவு விலை மருந்துக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே உட்காருகிற பெண் ஜெசிந்தா. தோள் வலி, இன்ன வயசு, சர்க்கரை இல்லை, வயிற்றுப்புண் இல்லை என்று சொன்னேன். முன்பு பார்த்த டாக்டரின் சீட்டைக் காட்டினேன். ஓர் அட்டை கொடுத்தாள். வெறும் அட்டை, படமில்லை, பளபளப்பில்லை, காவி நிறத்தில் மாத்திரை. ஒரு வடை தின்கிற காசுதான், அஞ்சு ரூபாய்.

விலையைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்குமா? "எம்புட்டு மலிவு பாருங்க" என்று பெருமையாக நீட்டினேன்.

போட்டார். ஒரு மணி நேரம் கழித்து அட்டையைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். "அஞ்சு ரூவா மாத்திர அஞ்சு ரூவா வலிக்குத்தான்டி கேக்கும்! எனக்கு இருக்குறது என்ன அஞ்சு ரூவா வலியா? எம் மதிப்பு அவ்வளவுதானா ஒனக்கு?"

பிறகு முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூன்று தரம். இடது கையால்தான். வலது கைக்கு இவருடைய இடது கை இளைத்தது இல்லை.

சிதறிக் கிடந்த அட்டையைப் பொறுக்கித் துவரம்பருப்பு டப்பாவில் வைத்தேன். எதற்குத் தூர எறிவானேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையிலும் கடையில் ஆளில்லை. இடது காதுக்குள் வண்டு பறக்கிறது. இரண்டு வேளை அந்த டப்பா மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன். எனக்குக் கேட்கிறது. என் வலி சின்ன வலி போலிருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

தம்பி கனகவேல் போன் பண்ணினான். குரல் சரியில்லையே என்றான். கொஞ்சம்போலச் சொன்னேன். "பொறுத்துப் போக்கா, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றான். போனவாரம் அவன் பைக்கில் கோடு விழுந்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைப் பிடித்தவன் இவன்.

செப்டம்பர் 26, வியாழன்

மதுரையில் பெரிய எலும்பு டாக்டர். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார மெத்தை நாற்காலி. டாக்டர் இவர் தோளைத் தொட்டது கால் நிமிஷம். பீஸைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது. "பெரிய டாக்டர்டி" என்று காதில் சொன்னார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கீழே அவர்கள் கடையிலேயே வாங்கினோம். அடேயப்பா, பெட்டியா அது! தங்க நிறம். ஒரு வெள்ளைக்காரன் மலை உச்சியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பெட்டியைத் திறந்தால் உள்ளே அட்டையும் தங்கம். அந்த ஒரு பெட்டி விலையில் எனக்கு ஒரு நல்ல நூல் புடவை வந்திருக்கும். இவர் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்று போட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலது கையை மெல்லத் தூக்கினார். காதைத் தாண்டியது. தலைக்கு மேலே போனது. பெட்டியில் இருக்கிற வெள்ளைக்காரன் மாதிரியே நின்றார்.

"இந்தூ! பாருடி!"

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

செப்டம்பர் 30, திங்கள்

நாலு நாளாகக் கை ஓங்கவில்லை. நேற்று, "சாப்டியா?" என்று கேட்டார். ரசத்தில் உப்பு கூடிவிட்டது, பேசாமல் குடித்தார். நேற்று கடையிலிருந்து வரும்போது ஒரு முழம் மல்லிகை. நான்தான் அப்போதே சொன்னேனே, வலிதான் காரணம், மனுஷன் தங்கம் என்று.

ரூபிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தாயி வர்ற?" என்றேன்.

"இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றாள். அவளுக்கு அவள் அப்பனின் பிடிவாதம்.

அக்டோபர் 8, செவ்வாய்

மோசம் போனேன். தங்க மாத்திரை இன்றோடு தீர்ந்தது. நம் ஊர் மெடிக்கலில் கேட்டால், "மதுரையிலிருந்து வரணும்க்கா, ஆயுத பூஜை லீவு முடிஞ்சுதான் வரும்" என்கிறான். இன்னொரு கடையிலும் இல்லை.

கால் தானாக ஜெசிந்தா கடைக்குப் போய்விட்டது. காலிப் பெட்டியைக் காட்டினேன். திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். புருவத்துத் தழும்பில் கண் நின்றது.

"அக்கா, போன மாசம் நா குடுத்தது இதேதாங்க்கா. அதே மருந்து, அதே அளவு. கலருகூட ஒண்ணுதான். பெட்டிதான் வேற."

"சும்மா சொல்லாத பாப்பா. அது கேக்கல, இது பத்து நிமிஷத்துல கேக்குது."

"பத்து நிமிஷத்துல எந்த மாத்திரையுங் கேக்காதுக்கா. வயித்துல கரையவே அதுக்கு மேல ஆகும்."

"அப்ப அவரு வலி பொய்யா?"

"வலி பொய்யில்ல. வெல கூடுனா நல்லாக் கேக்கும்னு மனசு நெனச்சா, கொஞ்சம் நெசமாவே கேக்கும். டாக்டருங்களுக்கே தெரிஞ்ச விசயந்தான்."

எனக்கு வால் ஞாபகம் வந்தது. வாலைப் பார்த்ததும் நாக்கு நம்பிவிடும் என்றவருக்கு, அட்டையைப் பார்த்ததும் தோள் நம்பிவிட்டதே. நடுக் கடையில் சிரித்துவிட்டேன். ஜெசிந்தா பயந்துபோனாள். இரண்டு அட்டை வாங்கி வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

காலித் தங்க அட்டையின் முதுகைப் பிளேடால் கீறினேன். குழிக்குள் ஜெசிந்தா மாத்திரையை வைத்தேன். மைதாப் பசையால் ஒட்டி, விரலால் நீவினேன். அட்டையின் முதுகை யார் பார்க்கிறார்கள்?

தட்டில் தண்ணீர், பெட்டி, அட்டை. கொண்டுபோய் வைத்தேன். கண்டுபிடித்தால் இன்று என்னை வெட்டுக்கட்டையில் வைத்துவிடுவார். பிதுக்கினார், போட்டார், தண்ணீர் குடித்தார், கண்ணை மூடினார்.

"தங்கம் தங்கந்தான்டி. உள்ள எறங்கும்போதே தெரியுது" என்றார்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியில் சிரித்தேன். இவ்வளவு சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கத்தி, வெட்டுக்கத்தி, கொக்கி, தராசு, வெட்டுக்கட்டை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். இவர் தங்கப் பெட்டியையும் எடுத்துவந்து கத்திகளுக்கு நடுவில் வைத்துப் பொட்டிட்டார். "இதுவும் ஆயுதந்தான், இது இல்லாட்டி அது எதுவும் ஓடாது" என்றார். பொரியும் கடலையும் வைத்துக் கும்பிட்டோம். சாமி என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

ரூபியிடம் சொல்லிவிட்டேன். அடங்கிவிட்டது, வா என்று. டிக்கெட் போடுகிறேன் என்றாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

புரட்டாசி முடிந்து கடை களைகட்டிவிட்டது. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் நான் ரூபியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இவர் கடையிலிருந்து வந்ததைக் கவனிக்கவில்லை. சோறு எடுத்து வைக்கவில்லை. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தார். "அம்மாவும் மகளும் சேந்து என்னடி பேசுறீங்க? யாரப் பத்திப் பேசுறீங்க?" முதல் அடி முதுகில். இரண்டாவது, கழுத்தைச் சுற்றிக்கொண்டு கொக்கி தாடையில் குத்தியது. மூன்றாவதுக்குக் கை மேலே போனது.

அலமாரிமேல் பெட்டி இருந்தது. கை எட்டியது. எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஏன் என்று எனக்கே தெரியாது. "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டேன்.

கை அந்தரத்தில் நின்றது. பெட்டியைப் பார்த்தார்.

"ஆமால்ல. காலைல மறந்துட்டேன். அதான் இப்படிப் பாடாப் படுத்துது. கொண்டா" என்று பெல்ட்டை ஆணியில் மாட்டினார்.

பெட்டியைத் திறந்தால் காலி. அட்டையில் இன்னும் நான் எதையும் வைத்து ஒட்டவில்லை. அடுப்படிக்கு ஓடி, பசை கிண்டி, ஒட்டி, விசிறிவிட்டு எடுத்துவருவதற்குள் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் வலது கையைத் தலைக்கு அடியில் கொடுத்துப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்டி, இப்பத் தேவல" என்றார்.

அக்டோபர் 23, புதன்

நேற்று ராத்திரி முழுவதும் ஒன்றே ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. அவர் ஒன்றும் விழுங்கவில்லை. ஒரு காலிப் பெட்டியைப் பார்த்தார், கை நின்றது.

அப்படியென்றால் அந்தக் கை நிற்கும். நிறுத்தினால் நிற்கிற கைதான் அது.

ரூபி மூன்றாவது படிக்கும்போது என் முன்பல் போனது. அப்போது தோள் வலி இல்லை. அவருக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னேன். அதற்கு முன்னால் விலா எலும்பு. மாமனார் செத்த துக்கம் என்று சொன்னேன். வயிற்றில் இருந்த இரண்டாவது போனபோது ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று நானே சொன்னேன், அதற்கு ஒரு காரணம்கூடத் தேடவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தாளுக்கு நான் வால் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஊர் கண்ணுக்கு மட்டும் இல்லை, என் கண்ணுக்கும்.

அட்டையைப் பார்த்து நிற்கிற கை என் முகத்தைப் பார்த்து ஒருநாளும் நின்றதில்லை. சீ! ஒரு காலி அட்டைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லாமல் போய்விட்டதே. கறி நறுக்கும்போது கத்தியை வெட்டுக்கட்டையில் அடித்த அடியில் கட்டை கீறிவிட்டது.

இனி அவர் இவர் என்று எழுதமாட்டேன். பால்ச்சாமி. பால்ச்சாமி. பால்ச்சாமி. எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

பக்கத்து வீட்டுப் போனில் ரூபியைக் கூப்பிட்டேன். "இந்தத் தடவ வராத தாயி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒனக்கு வாடாமல்லிக் கலர்ல சேல எடுத்திருக்கேம்மா" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கரை என்ன கலர் என்று கேட்டேன். தீபாவளி ஒருநாள்தானே, பெட்டியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 30, புதன்

என் பிள்ளை வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். தாடையில் இருக்கிற காயத்தைப் பார்த்தாள். பால்ச்சாமி, "வாத்தா, வா" என்று வாயெல்லாம் பல்லாக நின்றான். "அப்பனுக்கு இப்ப வலியே இல்ல, பாக்குறியா?" என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினேன், முறுக்கு பிழிந்தேன். நாளைக்குத் தொங்கவிடப் போகிற செம்மறிகளுக்காக வால்களைக் கழுவி வைத்தேன். நாளைய மாத்திரையையும் ஒட்ட வேண்டும். மைதா எல்லாம் முறுக்குக்கே தீர்ந்துவிட்டது. சட்டியில் ஒட்டியிருந்த வெல்லப் பாகைத் தொட்டு ஒட்டினேன். மைதாவைவிட நன்றாகப் பிடித்தது.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

பஸ்ஸில் எழுதுகிறேன். இடது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. ரூபி என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அவள் தலையில் நான் வைத்த எண்ணெய் மணக்கிறது. அதுவாவது நடந்தது.

நவம்பர் 2, சனி, கோயம்புத்தூர்

ரூபியும் அவளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் வாடகைக்கு இருக்கிற வீடு. மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கையில் மாவுக்கட்டு. எழுதிவிடுகிறேன்.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே கடை திறந்து மதியம்வரை வெட்டினான் பால்ச்சாமி. அத்தனை கறியையும் அந்தத் தோள்தான் வெட்டியது, ஒரு முனகல் இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "மாத்திர" என்றான். ரூபிதான் எடுத்துக் கொடுத்தாள். தங்கப் பெட்டியைத் திறந்தான். உள்ளேயிருந்து எறும்பு வந்தது. வரிசையாக அவன் கையில் ஏறியது. உதறினான். அட்டை கீழே விழுந்து முதுகு திறந்துகொண்டது.

பாகில் ஒட்டினால் எறும்பு வரும் என்று ஒரு பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிளேடு கீறலை விரலால் தடவினான். அடுப்படிக்குள் போய் டப்பா டப்பாவாகக் கவிழ்த்தான். அரிசி, உளுந்து, மிளகாய் எல்லாம் தரையில் கொட்டின. துவரம்பருப்புக்குள்ளிருந்து ஜெசிந்தா கொடுத்த அட்டைகள் விழுந்தன.

"என்னையே ஏமாத்துனியாடி?"

"ஊருக்கெல்லாம் வால் தச்சுக் குடுத்தவதான நானு" என்றேன். "ஒங்களுக்கு மட்டும் தைக்கக் கூடாதா?"

"அதான்டி எனக்கு இப்படி வலிக்குது! தோளு செத்துப்போச்சுடி, ஒன்னாலதான்டி!"

"காலைல இருந்து வெட்டுனீங்களே, அப்ப வலிக்கலயா?"

கதவு மூலையில் ஆடு ஓட்டுகிற மூங்கில் கம்பு இருந்தது. அதை எடுத்தான். முதல் அடியைத் தடுத்தேன், மணிக்கட்டு உள்ளே முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். கொட்டிக் கிடந்த மிளகாய் கண்ணில் ஏறியது. வயிற்றில் மிதித்தான். "அஞ்சு ரூவா மாத்திரையவா எனக்குக் குடுத்த, அஞ்சு ரூவா முண்டை!" என்று சொல்லிச் சொல்லி மிதித்தான்.

ரூபி எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். கத்தவில்லை. "எங்க, அடி பாப்பம்" என்றாள்.

கம்பை வலது கைக்கு மாற்றினான். தூக்கினான். காதுக்கு மேலே போகாத கை, அஞ்சு ரூபாய் மாத்திரை தின்று செத்துப்போன தோள், மச்சில் கம்பு இடிக்கிற அளவுக்குப் போனது. நான் பார்த்தேன். ரூபியும் அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் வலியின் சுளிப்பு ஒன்றுகூட இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது அந்தக் கை.

என் பக்கத்தில் இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கை கிடந்தது. எழுந்தது தெரியும். அடித்தது தெரியும். வலது தோளில், குமிழ் எலும்புமேல், என் பலம் முழுக்க. கம்பு கீழே விழுந்தது. மறுபடி அடித்தேன். ஆட்டை அறுக்கும்போது அது போடுகிற சத்தம் ஒன்று உண்டு, அதைப் பால்ச்சாமி போட்டான். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது ரூபி என் கையைப் பிடித்தாள். "அம்மா, போதும். நிறுத்து" என்றாள்.

என் கை நின்றது. எத்தனை சுலபமாக நின்றது! இருபத்திரண்டு வருஷக் கோபம் அந்தக் கையில் இருந்தது, பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு நின்றுவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போதும் அழுகை வருகிறது.

சுவரோரம் சாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அலமாரிக் கதவா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. "எம் புருசன் அடிச்சான், நானும் அடிச்சேன்" என்று நானே சொன்னேன். ரூபி போனில் கனகவேலைக் கூப்பிட்டு இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, தரையில் கிடந்த ஜெசிந்தா அட்டையில் ஒன்றைப் பால்ச்சாமி பக்கத்தில் வைத்தேன். இன்னொன்றை என் மடியில் செருகிக்கொண்டேன். காலித் தங்கப் பெட்டியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் எப்படி முறிந்தது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், போலீசுக்கும் போகும் என்றார்கள். போகட்டும். நான் அடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கட்டுக்குள் குடைச்சல். டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இதே மருந்துல மலிவா என்ன இருக்கு, அதக் குடுங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்துக் கேட்டது. மெதுவாக, தானாக, யாரையும் அடிக்காமல் கேட்டது.

நவம்பர் 8, வெள்ளி

ரூபி வாங்கிக் கொடுத்த புதுப் போனில் முதல் அழைப்பு பால்ச்சாமியிடமிருந்து. கனகவேல்தான் நம்பர் கொடுத்திருப்பான், எரப்பாளி.

எப்படி இருக்கிறாய் என்று கேட்பான் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், காத்திருந்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"இந்தூ," என்றான். "தோள் எலும்பு விண்டு போச்சுன்றாங்க. இப்ப நெசமாவே வலிக்குதுடி. தாங்க முடியல. அந்தத் தங்க மாத்திர ஒண்ணு ரெண்டு மிச்சம் வச்சிருப்பியே, எங்க வச்சிருக்க?"

இப்ப நெசமாவே என்றான். அவன் வாயால் அவனே சொல்லிவிட்டான்.

"மாத்திர இல்ல" என்றேன். "சாமி படத்துக்குப் பின்னால காலிப் பெட்டி இருக்கு, பொட்டு வச்சது. அதக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இரு. ஒனக்கு அது போதும்."

போனை வைத்துவிட்டேன். ரூபி வருவதற்குள் சோறு வடிக்க வேண்டும். ஒற்றைக் கையால் வடிக்கப் பழகிவிட்டேன்.